இரு சூரிய உதயங்கள்

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது, இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. அதனை மீண்டும் இணைத்தது நமது காலிக்கு அருகேயுள்ள கொக்கல வாவி என்பதை எத்தனை பேர் அறிவோம்?

1943 முதல் 1945 வரை, பேர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து குவான்டாஸ் நிறுவனத்தின் கற்றலீனா கடல் விமானங்கள் இவ்வாவிக்கு இடைநில்லாது பறந்தன. தூரம் ஏறத்தாழ 5,600 கிலோமீற்றர். பயண நேரம் 27 முதல் 33 மணித்தியாலங்கள். எரிபொருளின் சுமை காரணமாக மூன்று பயணிகளுக்கே இடமிருந்தது. எதிரி அறியாதிருக்க வானொலி மௌனம் காக்கப்பட்டது; விண்மீன்களே வழிகாட்டின. ஒரே பயணத்தில் இருமுறை சூரிய உதயம் கண்டவர்களுக்குச் சான்றிதழும் வழங்கப்பட்டது.

271 தடவைகள் இந்து சமுத்திரத்தைக் கடந்தும் ஒரு விமானமேனும் இழக்கப்படவில்லை.

2018 இல் பேர்த்திலிருந்து இலண்டனுக்குத் தொடங்கிய நேரடிச் சேவைக்கு ஏறத்தாழ 17 மணித்தியாலங்களே தேவைப்பட்டன. அன்றைய பயணி அந்நேரத்தில் கொக்கலவுக்கான பாதித் தூரத்தைச் சற்றே தாண்டியிருப்பார்.