வான்கோழி: பெயரும் பறவையும்

வான்கோழி என இன்று தமிழில் வழங்கும் பறவை அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. அதன் காட்டினம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி முதல் மெக்சிகோ வரை பரவியிருக்க, மெக்சிகோவின் தொல்குடியினர் ஐரோப்பியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதைப் பழக்கி வளர்த்து வந்தனர். ஆஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழியில் சேவலுக்கு ஹுவேஷோலொட்டில் என்றும் பெட்டைக்குத் தொத்தொலின் என்றும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் கப்பலேற்றிச் சென்றது பறவையை மட்டுமே. பெயர் கரையிலேயே நின்றுவிட்டது.

பெயரின்றி வந்த பறவைக்கு, முன்பே தெரிந்த வேறொரு பறவையின் பெயரைச் சூட்டுவதே ஐரோப்பியருக்கு எளிதாயிற்று. தோகையை விசிறிபோல் விரிப்பது கண்ட ஸ்பானியர், மயிலுக்கு வழங்கிய பாவோ என்னும் சொல்லை இதற்குக் கொடுத்துவிட, மயிலை ‘அரச பாவோ’ எனப் பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆங்கிலேயரோ, ஆப்பிரிக்காவுக்குரிய கினிக்கோழி துருக்கி வணிகர் வழியாகத் தம்மிடம் வந்ததால் அதை டர்க்கி என்று அழைத்து, பின்னர் அதனோடு குழம்பிப் புதிய பறவைக்கும் அப்பெயரையே இட்டனர். அறிவியலும் இக்குழப்பத்துக்குத் தப்பவில்லை: லின்னேயஸ் 1758இல் சூட்டிய மெலியாக்ரிஸ் கல்லோபாவோ என்னும் இருசொற் பெயரில், முற்பகுதி கிரேக்கர் கினிக்கோழியைக் குறித்த சொல், பிற்பகுதி சேவலையும் மயிலையும் குறிக்கும் இலத்தீன் சொற்களின் கூட்டு. ஆக, ஒரு பறவையின் பெயருக்குள் மூன்று பறவைகள் இருக்க, அதற்கே உரிய சொல் ஒன்றுகூட இல்லை.

பறவைப் பெயர் கிடைக்காத இடங்களில் ஊர்ப் பெயர் உதவிற்று. அவ்வூர்களில் ஒன்றும் மெக்சிகோ அன்று. கொலம்பஸ் கண்ட நிலம் ‘இந்தியத் தீவுகள்’ எனப்பட்ட காலமாதலால் பிரெஞ்சுக்காரர் இதை ‘இந்தியக் கோழி’ என்றனர். அதுவே சுருங்கித் தேந்த் ஆயிற்று. துருக்கியர் தாமும் ஹிந்தி என்றே அழைக்கின்றனர். எகிப்தியருக்கு இது ‘ரோமச் சேவல்’, மலாய் மக்களுக்கு ‘டச்சுக் கோழி’, போர்ச்சுகீசியருக்குப் பெரு. டச்சுக்காரரின் கால்கூன் என்னும் சொல்லோ கள்ளிக்கோட்டைக் கோழி என்பதன் திரிபு. மலையாளக் கரையின் அத்துறைமுகத்துக்கும் இப்பறவையின் பிறப்புக்கும் தொடர்பில்லை. தொலைவிலிருந்து வரும் அரிய பொருளெல்லாம் அங்கிருந்தே வருவதாக ஐரோப்பியர் எண்ணிய காலம் அது. அச்சொல்லே டச்சு ஆட்சியின் வழியே இலங்கைக்கு வந்து, சிங்களத்தில் களுகும் என வழங்குகிறது.

இந்திய மண்ணில் இப்பறவை பற்றிய சிறந்த பழைய பதிவு முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருடையது. 1612இல் அவருடைய அலுவலர் முகர்ரப் கான் கோவாவிலிருந்து வாங்கி வந்த அரும்பொருள்களுள் இதுவும் ஒன்று. அரசவையில் எவருக்கும் இதன் பெயர் தெரியவில்லை. எனினும் பெண்மயிலினும் பெரிது, ஆண்மயிலினும் சிறிது என அளவையும், தலையும் கழுத்தும் கணந்தோறும் நிறம் மாறுவதையும் பேரரசர் தம் நினைவுக் குறிப்பில் நுட்பமாக எழுதினார். ஓவியர் மன்சூர் தீட்டிய இப்பறவையின் உருவம் இன்று இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஜஹாங்கீர் கண்ட நிறமாற்றத்துக்குக் காரணம், தோலிலுள்ள கொலாஜன் என்னும் நார்ப்புரத இழைகளின் இடையே ஓடும் இரத்தக் குழாய்கள் விரிந்து சுருங்குவதால் இழைகளின் இடைவெளி மாறி, தோல் ஒளியைச் சிதறச்செய்யும் முறையும் மாறுவதே. பெயரறியாத ஒருவர் பறவையைக் கூர்ந்து பார்த்தார். பெயரிட்டவர் பலரும் பாராமலே இட்டனர் என்று சொல்லத் தோன்றுகிறது.

தமிழ்ச் சொல்லின் சிக்கல் வேறு வகையானது. வான் என்பதற்கு விண் என்னும் பொருளேயன்றிப் பெருமை என்னும் பொருளும் உண்டு. பெரிய கோழி என்று கொண்டால் இன்றைய பறவைக்குப் பெயர் நன்கு பொருந்துகிறது. ஆனால் ஔவையாரின் பெயரால் வழங்கும் மூதுரை, மயிலாடக் கண்டு தானும் ஆட முயலும் வான்கோழியைக் கல்லாதவன் கற்ற கவிக்கு உவமையாக்குகிறது. அந்நூலைச் சோழர் காலத்ததாகக் கொள்வோர், அமெரிக்கப் பறவை 16ஆம் நூற்றாண்டுக்கு முன் தமிழகத்தில் இருந்திருக்க இயலாது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அவ்வாறாயின் அச்சொல் அன்று வேறொரு பறவையைக் குறித்திருத்தல் வேண்டும், அன்றேல் அச்செய்யுள் பிற்காலத்தது ஆதல் வேண்டும். மயிலின் பெயரையும் கினிக்கோழியின் பெயரையும் இப்பறவை பிறமொழிகளில் பறித்துக்கொண்ட வரலாற்றை நோக்கினால் முதற் கருத்தே வலுவுடையது. அச்செய்யுள் விரிவதாகச் சொல்வது சிறகையே ஆதலும் கருதத் தக்கது. இன்றைய வான்கோழியோ வாலிறகுகளை விரித்துச் சிறகுகளைத் தரையில் தாழ்த்தியே ஆடும். சிறகு என்பது இறகுக்கும் பெயராதலால் இச்சான்றை அளவுக்கு மீறி அழுத்துதல் ஆகாது.

பறவையின் பெயரோடு சேர்ந்து ஒலிப்பதை விரும்பாத துருக்கி நாடு, 2022இல் ஐக்கிய நாடுகள் அவையில் தன் ஆங்கிலப் பெயரைத் துருக்கியே என மாற்றிக்கொண்டது. அந்நாட்டில் பறவையின் பெயர் இன்றும் ஹிந்திதான். மெக்சிகோவில் மட்டும், ஸ்பானிய மொழி ஆட்சி செய்தும், ஹுவேஷோலொட்டில் என்னும் பழஞ்சொல்லே குவாஹொலோத்தே என்று திரிந்து வழக்கில் உள்ளது.