ஜவ்வாது மலைக்காரர்கள் ஆமிஷ் அல்ல

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் கண்ணமங்கலம் வரும். சின்னப் பேரூராட்சி. ஒரு கடைத்தெரு, காட்பாடி - விழுப்புரம் ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷன். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்களும் அமிர்திக் காட்டுக்குப் போகிறவர்களும் இந்தப் பக்கமாக வந்து போவார்கள். இங்கிருந்து மேற்கே பார்த்தால் வானத்தை மறித்துக்கொண்டு நிற்பதுதான் ஜவ்வாது மலை.

பைக்கிலும் காரிலும் இந்த மலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இப்போது அதிகம். ஜமுனாமரத்தூர், பீமன் அருவி, காவலூர் தொலைநோக்கி என்று ஒரு சுற்று. திரும்பி வந்ததும் பலர் சொல்வது ஒன்றுதான்: அங்கே காலம் அப்படியே நின்றுவிட்டது, அந்த ஜனங்களுக்கு இந்த நவீன வாழ்க்கை எதுவும் வேண்டாம், நிம்மதியாக இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆமிஷ் கிராமங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வார்கள்.

குதிரை வண்டியில் போகும் ஆமிஷும் தலைச்சுமையோடு மலை இறங்கும் ஜவ்வாது மலைக்காரரும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியலாம். ஆனால் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் இரண்டும் நேர் எதிர் என்பது புரியும்.

முதலில் ஆமிஷ்

1525-ல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் ஒரு சிறு கூட்டம், குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்றது. வயது வந்தபின் ஒருவர் தானாக விரும்பி எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்பது அவர்கள் கட்சி. அனபாப்டிஸ்ட் என்று பெயர் வந்தது. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் இருவருமே இவர்களை வேட்டையாடினார்கள். பலரைத் தண்ணீரில் அமுக்கியும் நெருப்பில் எரித்தும் கொன்றார்கள்.

1693-ல் இவர்களுக்குள்ளேயே ஒரு பிளவு. கட்டுப்பாட்டை மீறியதற்காகச் சபை விலக்கி வைத்தவரோடு மற்றவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக்கூடக் கூடாது என்றார் யாக்கோப் அம்மான். அவர் பின்னால் போனவர்கள்தான் ஆமிஷ். அதாவது, பெயர் வரக் காரணமான சண்டையே ஊர்விலக்கு பற்றியதுதான்! 18ஆம் நூற்றாண்டில் கப்பலேறி பென்சில்வேனியா போனார்கள். ஐரோப்பாவில் மிஞ்சியிருந்த கடைசிச் சபையும் 1937-ல் மெனோனைட் சபையோடு கலந்துவிட்டது. வட அமெரிக்காவிலோ இன்று நாலு லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள்.

ஆமிஷ் மக்கள் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்கிறவர்கள் இல்லை. ஒவ்வொரு சபையும் கூடிப் பேசி, எது நம் ஒற்றுமையைக் கெடுக்கும், எது கெடுக்காது என்று முடிவு செய்கிறது. பல சபைகளில் கார் சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் வாடகைக்கு எடுத்துப் போகலாம். வீட்டுக்குள் போன் கூடாது, தெருமுனையில் ஒரு கூண்டு கட்டி நாலு குடும்பம் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று வழக்காடி, 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே ஜெயித்தார்கள்.

ஆக, அவர்கள் வீட்டு வாசல் வரை வசதி வந்து நின்றது. யோசித்துப் பார்த்து, சிலவற்றை வேண்டாம் என்றார்கள். நிலமும் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு கண்ணமங்கலத்துக்குத் திரும்பலாம்.

ஏழு பேர், ஏழு நாய்கள்

ஜவ்வாது மலையில் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை எல்லாவற்றிலும் இருக்கிறார்கள்.

இவர்கள் மலைக்கு எப்படி வந்தார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரர் காலத்து வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் அது பதிவானது. 1909-ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் தொகுப்பிலும் இடம்பெற்றது. கதை இதுதான்.

சக வருடம் 1055, அதாவது கி.பி. 1132-33. கங்குந்தியைச் (இன்றைய ஆந்திராவில் குப்பம் பக்கம்) சேர்ந்த வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வெள்ளாளரிடம் பெண் கேட்டார்கள். வெள்ளாளர் ஏளனம் செய்து அனுப்பிவிட்டார்கள். கோபம் கொண்ட வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்டு வர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவிகளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் எப்படியோ அக்கரை சேர்ந்தார்கள். நாய்கள் பாதி ஆறு நீந்திவிட்டு, திரும்பி காஞ்சிக்கே போய்விட்டன. ஏழு பேரும் வேடர்களைக் கொன்றுவிட்டு ஊர் திரும்பியபோது, அவர்களுக்குக் கருமாதி முடிந்திருந்தது. மனைவிகள் தாலி அறுத்திருந்தார்கள். உயிரோடு முன்னால் வந்து நின்றவர்களை ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் வேடர் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலை ஏறி, விவசாயம் செய்து பிழைத்தார்கள். அவர்கள் வழி வந்தவர்கள்தான் மலையாளிகள்.

இது கதை. வருடத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்வதாலேயே வரலாறு ஆகிவிடாது. சேலம் பக்கத்து மலைகளில் வேறு கதை சொல்கிறார்கள். அங்கே காஞ்சியிலிருந்து வந்தவர்கள் மூன்று அண்ணன் தம்பிகள். ஆனால் ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதையில் ஒரு உண்மை இருக்கும். ஜவ்வாது மலைக் கதையில் யாரும் கீழ்நாடு வேண்டாம் என்று மலை ஏறவில்லை. திரும்பி வந்தார்கள், சேர்த்துக்கொள்ளவில்லை, அதனால் ஏறினார்கள். ஆமிஷ் கதையில் விலக்கும் உரிமை சபையிடம் இருக்கிறது. இந்தக் கதையில் இவர்களே விலக்கப்பட்டவர்கள். (மலையிலும் ஊர்க்கவுண்டர், நாட்டார், பஞ்சாயத்து, கட்டுப்பாடு எல்லாம் உண்டு. அது பிற்பாடு வந்த ஏற்பாடு.)

காலம் நின்ற மலையா?

சரி, இந்த மலை எப்போதாவது உலகத்தை விட்டு ஒதுங்கி இருந்ததா? இல்லை.

பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இந்த வட்டாரத்துப் பாட்டு. செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தர்களுக்கு, எந்த வழியில் போகலாம், எங்கே ஆபத்து, எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றெல்லாம் சொல்லும் ஆற்றுப்படை. இன்றைய பாஷையில் சொன்னால் பயண வழிகாட்டி :-) செங்கம் இருப்பது ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்தில். பாட்டில் வரும் சேயாறு பிறப்பது இந்த மலையில். செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்து, 1972-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது. ஆநிரை கவரவும் மீட்கவும் சண்டையிட்டுச் செத்தவர்களின் கற்கள் அவை. ஆள் நடமாட்டம், போர், வியாபாரம் எல்லாம் இருந்த நிலம் இது.

அதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1960-களின் கடைசியில் 38 செ.மீ. தொலைநோக்கியோடு ஆரம்பித்த இடம். 1977-ல் யுரேனஸுக்கு வளையம் இருப்பதைக் கண்டுபிடித்த ஆய்வில் இங்கிருந்து எடுத்த பதிவுக்கும் பங்குண்டு. 1986-ல் இந்தியாவிலேயே செய்த 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸைப் பார்க்க மலைக்கு வந்த அரசாங்கம் மற்ற எதற்கெல்லாம் வந்தது, எதற்கெல்லாம் வரவில்லை என்பதுதான் அடுத்த விஷயம்.

சந்தனமும் கோடரியும்

அரசாங்கம் மலைக்கு முக்கியமாக வந்தது மரத்துக்காக. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்து காடுகள் ஒவ்வொன்றாகக் காப்புக்காடு ஆயின. காட்டை வெட்டி எரித்து, சாமையும் கேழ்வரகும் விதைத்து, சில வருடம் கழித்து வேறு இடம் மாறுவது மலையாளிகளின் பழைய விவசாய முறை. அது குற்றமாகிவிட்டது. ஜவ்வாது மலையின் சந்தனம் பேர்போனது. ஆனால் சொந்தப் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரமும் அரசாங்கத்துக்கே சொந்தம். தமிழ்நாட்டில் இது மாறியது 2002-ல்தான். 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தும், தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் பட்டா கொடுப்பது பல வருடம் நின்று கிடந்தது.

கணக்குப் பார்த்தால் விஷயம் எளிது. மரம் உள்ளவனுக்கு மரத்தில் உரிமை இல்லை. கோடரி பிடிக்கும் கைக்கு மட்டும் கூலி உண்டு. லாபம் கீழே இருக்கும் வியாபாரிக்கு, தண்டனை மேலே இருப்பவனுக்கு. சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தியும் மலையாளிகளின் ஊர்தான். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தல் சோதனை என்று அங்கே போன வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊரையே சூறையாடினார்கள்; 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011-ல் தண்டனை வந்தபோது அவர்களில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். 2023-ல் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாக 20 தமிழர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது ஆந்திர போலீஸ். பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றார்கள் உறவினர்களும் மனித உரிமை அமைப்பினரும். செத்தவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவார ஊர்களையும் சேர்ந்தவர்கள். காலம் நின்றுவிட்டதாகச் சொல்லப்படும் மலையிலிருந்துதான், உலகச் சந்தையில் விலை போகும் ஒரு மரத்தை வெட்டக் கூலிக்கு ஆள் போனது.

ரோடு

2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து வந்த ஆம்புலன்ஸும் பாதி வழியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு பல கிலோமீட்டர் நடந்தார். நாடே அந்தப் படத்தைப் பார்த்தது.

ஆமிஷுக்கும் ஜவ்வாது மலைக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு சம்பவத்திலேயே இருக்கிறது. கார் வேண்டாம் என்று சொன்ன ஆமிஷ் வீட்டுக்கு, கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வரும், வாசல் வரை ரோடு இருக்கிறது. ரோடு கேட்டு மனு மேல் மனு கொடுக்கும் மலைக் கிராமத்துக்கு அது வருவதில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு முதலில் ஒன்று கையில் கிடைக்க வேண்டும். கிடைக்காததைத் துறவு என்று சொல்லி ரசிப்பது நியாயமில்லை.

மலைக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். அருவியைப் பார்க்கட்டும், சாமையும் தேனும் மலைக்காரர்களிடமே நல்ல விலை கொடுத்து வாங்கட்டும். அங்கே எது இல்லை என்று தெரிகிறதோ, அது அவர்கள் வேண்டாம் என்றதா அல்லது கேட்டும் கிடைக்காததா என்று அங்கே இருப்பவர்களிடமே ஒரு வார்த்தை கேட்கட்டும். பதில் சொல்ல அவர்களுக்குத் தமிழ் நன்றாகவே தெரியும்.