வீட்டு எஸ்பிரெசோ இயந்திரங்களும் பால் நுரைத்தலும்

வீட்டு எஸ்பிரெசோ இயந்திரம் என்பது அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்திக் காப்பி வடிக்கும் கருவியாகும். இதிலுள்ள நீராவிக் குழல் பாலைச் சூடாக்கி நுரைக்கவும் பயன்படுகிறது. காப்பி வடிக்க ஏறத்தாழ 93 °செ வெந்நீர் போதும். நீராவிக்கு 120 °செ அளவு வெப்பம் வேண்டும். இவ்விரு தேவைகளையும் ஒரே கருவியில் இணைக்கும் முயற்சிகளே இதன் வரலாறு.

தோற்றம்

இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த ஆஞ்சலோ மொரியோந்தோ 1884இல் நீராவியால் இயங்கும் காப்பி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மிலான் நகரின் லூயிஜி பெத்செரா 1901இல் அதனை மேம்படுத்தினார். 1961இல் ஃபேமா நிறுவனம் வெளியிட்ட இ61 என்னும் கடை இயந்திரத்தில், நீராவிக் கொதிகலனுக்குள் செல்லும் ஒரு குழாய் வழியே காப்பிக்கான நீர் சூடேறியது. இம்முறை வெப்பப் பரிமாற்றி எனப்படும். இதனால் காப்பி வடிக்கும்போதே பாலையும் நுரைக்க முடிந்தது.

வீட்டுக்கு வந்த வகைகள்

அதே 1961இல் லா பவோனி நிறுவனத்தின் யூரோபிக்கோலா என்னும் நெம்புகோல் இயந்திரம் வீடுகளுக்காக வந்தது. இதன் கொதிகலன் எப்போதும் அழுத்தத்தில் இருப்பதால் நீராவி காத்திராமல் கிடைக்கும். ஆனால் தொடர்ந்து சில கோப்பைகள் வடித்தால் இயந்திரம் மிகையாகச் சூடேறிக் காப்பி கருகிய சுவை பெறும்.

பின்னர் வந்த காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா (1997) ஆகியவற்றில் ஒரே கொதிகலன் இரு வெப்பநிலைகளில் மாறிமாறி இயங்குகிறது. காப்பி வடித்தபின் பொத்தானை அழுத்தி, நீராவி சேரும்வரை காத்திருக்க வேண்டும். லா மர்சோக்கோ நிறுவனம் கடைகளுக்காக 1970இல் அறிமுகப்படுத்திய இரட்டைக் கொதிகலன் முறை, அதே நிறுவனத்தின் லினியா மினி (2015) போன்ற இயந்திரங்களால் வீட்டுக்கும் வந்தது. வெப்பக் கட்டி வகையில் கொதிகலனே இல்லை; சூடான உலோகத்தின் ஊடே நீர் பாய்ந்து உடனுக்குடன் நீராவியாகிறது.

வேறுபாட்டின் காரணம்

5 °செ வெப்பநிலையிலுள்ள 150 கிராம் பாலை 60 °செ ஆக்க ஏறத்தாழ 32 கிலோஜூல் வெப்பம் தேவை. இதற்குச் சுமார் 13 கிராம் நீராவி பாலில் குளிர்ந்து நீராக வேண்டும். 1,000 வாட் வெப்பமூட்டி மட்டும் இவ்வெப்பத்தைத் தர அரை நிமிடத்துக்கு மேலாகும். எனவே கொதிகலனில் முன்பே சேமிக்கப்பட்ட வெப்பம் முக்கியமாகிறது. 1.5 லிட்டர் நீர் 10 °செ குளிர்ந்தால் 63 கிலோஜூல் கிடைக்கும். 100 மில்லிலிட்டர் நீரிலிருந்து 4.2 கிலோஜூல் மட்டுமே கிடைக்கும். ஆகவே சிறு கொதிகலனில் அழுத்தம் விரைவில் குறைகிறது.

நுரையின் தரம்

நீராவி முதலில் காற்றைப் பாலுக்குள் இழுக்கிறது. பின்னர் பாலைச் சுழற்றிப் பெருங்குமிழ்களை உடைக்கிறது. நுண்குமிழ்களைப் பால் புரதங்கள் தாங்கி நிற்கின்றன. நீராவி வலுவற்றதாயின் சுழற்சி குறைந்து நுரை கரடாகும். பால் 70 °செ அளவைத் தாண்டினால் சுவையும் நுரையும் கெடும். மெதுவான இயந்திரத்துக்கும் ஒரு நன்மை உண்டு: பயில்பவருக்குக் காற்றைச் சேர்க்கக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. ஒன்றிரண்டு கோப்பைகளுக்குச் சிறு கொதிகலன் போதும். அடுத்தடுத்துப் பல கோப்பைகள் தேவைப்படும் வீட்டுக்கே வெப்பப் பரிமாற்றியோ இரட்டைக் கொதிகலனோ பயன் தரும்.