ஈஸ்டர் வாரத்தின் விதவையும் ஆபி அரங்கின் மேடையும்

1926 பிப்ரவரி 11, வியாழக்கிழமை. டப்ளின் நகரின் ஆபி அரங்கில் ஷான் ஓகேசியின் 'கலப்பையும் விண்மீன்களும்' நாடகத்துக்கு அது நான்காம் நாள். முதல் நாள் கைதட்டலோடு போன நாடகம் அன்று கூச்சலில் தடுமாறியது. சிலர் மேடையில் ஏறினார்கள். நடிகர் பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் அவர்களில் ஒருவரைக் குத்திக் கீழே தள்ளினார். போலீஸ் வந்தது. அரங்கின் இயக்குநர்களில் ஒருவரான கவிஞர் யேட்ஸ் மேடையேறி, மறுபடியும் உங்கள் பெயரைக் கெடுத்துக்கொண்டீர்கள் என்று பார்வையாளர்களைச் சாடினார். 1907இல் நாடகாசிரியர் சிங்கின் நாடகத்துக்கு இதே அரங்கில் நடந்த ரகளையைத்தான் குறிப்பிட்டார்.

கலைஞனைக் கும்பல் தாக்கியது என்பதே இன்றுவரை இச்சம்பவத்தின் வழக்கமான விளக்கம். அதை முதலில் சொன்னவரே யேட்ஸ்தான். அன்றைய இரைச்சலில் அவர் குரல் பலர் காதில் விழவில்லை. ஆனால் உரையின் படியை முன்கூட்டியே செய்தித்தாள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் அவர் வந்தார் என்று நாடக வரலாறுகள் கூறுகின்றன. அரங்கில் கேட்காதது அச்சில் நிலைத்தது. எதிர்த்தவர்களின் வாதத்துக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

அவர்களைப் புண்படுத்தியது எது? இரண்டாம் அங்கம் ஒரு மதுக்கடையில் நடக்கிறது. ரோஸி என்ற பாலியல் தொழிலாளி வியாபாரம் மந்தம் என்று புலம்புகிறாள். வெளியே கூட்டம். ஜன்னலில் ஒரு பேச்சாளரின் நிழலுருவம். இரத்தம் சிந்துவது தேசத்தைத் தூய்மைப்படுத்தும் என்று அது முழங்குகிறது. நாடகம் அவருக்குப் பெயர் வைக்கவில்லை. டப்ளின்காரர்களுக்குப் பெயர் தேவைப்படவுமில்லை. அவர் முழங்கியவை, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின் தலைவர் பாட்ரிக் பியர்ஸின் உரைகளிலிருந்தும் கட்டுரைகளிலிருந்தும் எடுத்த சொற்கள். பிரிட்டிஷ் படை அவரைச் சுட்டுக் கொன்று பத்தாண்டுதான் ஆகியிருந்தது. பிறகு மூவர்ணக் கொடியும், எழுச்சியில் பங்கேற்ற தொழிலாளர் படையான குடிமக்கள் படையின் கலப்பைக் கொடியும் அதே மதுக்கடைக்குள் வருகின்றன. ஓகேசி தியாகியின் பேச்சைத் திரிக்கவில்லை, சாராய வாடைக்கு நடுவில் அப்படியே ஒலிக்கவிட்டார். கேலி என்று சுட்ட ஒரு வரிகூட இல்லை. அதனாலேயே வலி கூடியது.

ஓகேசி பக்கத்து நியாயம் வலுவானது. எழுச்சி நடந்த அந்த ஆறு நாளில் ஏறத்தாழ 485 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆயுதம் ஏந்தாத பொதுமக்கள். குடிமக்கள் படையின் செயலாளராக இருந்து 1914இல் விலகிய ஓகேசி, வீரர்களை விட்டுவிட்டு நெருக்கடியான ஒண்டுக்குடித்தனங்களில் வாழ்ந்தவர்களைத்தான் மேடைக்குக் கொண்டுவந்தார். கொள்ளையடிக்க ஓடுபவர்கள், மகனை பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெஸ்ஸி என்று அந்த உலகம் விரிகிறது.

எதிர்ப்பின் முன்னணியில் நின்றவர் ஹன்னா ஷீஹி-ஸ்கெஃபிங்டன். அவரைக் கும்பல் என்ற சொல்லுக்குள் அடக்குவது கடினம். பெண்கள் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர். கணவர் ஃபிரான்சிஸ் ஆயுதம் தொடாத அமைதிவாதி. எழுச்சியின்போது கடைகள் சூறையாடப்படுவதைத் தடுக்க முயன்றவரைப் பிடித்துப்போய், ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் உத்தரவில் விசாரணையின்றிச் சுட்டார்கள். 1919இல் குடிமக்கள் படையின் வரலாற்றை எழுதிய ஓகேசியே இந்த ஃபிரான்சிஸுக்கு அதில் மிக உயர்ந்த இடம் தந்திருந்தார். போரை வெறுத்த நாடகத்தைப் போரை வெறுத்தவரின் மனைவியே எதிர்த்தார் என்பது இந்தச் சண்டையின் விசித்திரம்.

ஒழுக்கத்தின் பெயரால் முகம் சுளித்தவர்கள் வேறு ஆட்கள். ஒத்திகையிலேயே ஒரு வசனத்தைச் சொல்ல மறுத்தார் நடிகை ஐலீன் குரோ. நிர்வாகக் குழுவில் அரசின் பிரதிநிதியாக இருந்த ஜார்ஜ் ஓபிரையனுக்கு ரோஸி பாத்திரம் உறுத்தியது. ஹன்னா 'ஐரிஷ் இண்டிபெண்டன்ட்' நாளிதழுக்கு எழுதியபோது, தன் எதிர்ப்பு ஒழுக்கம் சார்ந்ததல்ல, தேசம் சார்ந்தது என்று தெளிவாகவே பிரித்துக் காட்டினார். 1925 முதல் ஆபி அரங்குக்கு அரசு மானியம் கிடைத்தது. முதல் தொகை 850 பவுண்டு. எழுச்சியின் பெயரால் உருவான அரசு, அதை இழிவுபடுத்தும் மேடைக்குப் பணம் கொடுக்கலாமா என்பது அவருடைய கேள்வி. அதற்கு யேட்ஸின் உரையில் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. மானியம் வாங்கும் கலை அரசுக்குத் துதி பாட வேண்டும் என்ற இடத்தில் அது போய் முடியக்கூடும். ஆனாலும் அது ஒரு வாதம், பதில் கோரும் வாதம்.

பதில் சொல்ல முன்வந்தவர் ஓகேசிதான். முதலில் அவரும் ஹன்னாவும் பத்திரிகைக் கடிதங்களில் மோதினார்கள். மார்ச் 1 அன்று ஒரே மேடையில் விவாதித்தார்கள். உடல் நலமில்லாத ஓகேசி நடுவில் பேச்சை நிறுத்தி உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுந்து பேசினார். நாடகத்தை யாரும் தடை செய்யவில்லை, நாடகம் தொடர்ந்து நடந்தது. அதே மாதம் லண்டன் சென்ற ஓகேசி அங்கேயே தங்கிவிட்டார்.

1928இல் முதல் உலகப் போரைப் பற்றிய 'வெள்ளிக் கிண்ணம்' நாடகத்தை அதே ஆபி அரங்குக்கு அனுப்பினார். ஓகேசிக்கு அந்தப் போரில் உண்மையான ஈடுபாடு இல்லை என்று காரணம் எழுதி, நாடகத்தைத் திருப்பி அனுப்பியவர் யேட்ஸ். இம்முறை கூச்சலும் இல்லை, போலீசும் இல்லை. ஆபி மேடைக்கு அந்த நாடகம் வர 1935 ஆயிற்று.