அடுக்குக் கருவிப்பெட்டி

அடுக்குக் கருவிப்பெட்டி என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூட்டி, ஒரே சுமையாகத் தூக்கவோ உருட்டவோ கூடிய கருவிப்பெட்டி வகையாகும். ஒரு தொகுதியைச் சேர்ந்த பெட்டிகள் பெரும்பாலும் ஒரே நீள அகலம் கொண்டிருக்கும்; உயரம் மட்டும் வேறுபடும். தச்சர், மின்பணியாளர், குழாய்ப்பணியாளர், இயந்திரம் பழுதுநீக்குவோர் ஆகியோர் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். இப்பெட்டிகள் பலமுறை மறுவடிவமைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு மறுவடிவமைப்பும் சில வசதிகளைத் தந்ததோடு, பழைய பெட்டிகளை வைத்திருப்போருக்குச் சில சிக்கல்களையும் தந்தது.

அமைப்பு

தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்ட அடுக்குத் தூக்கு (டிபன் கேரியர்) இதே கொள்கையில் அமைந்ததாகும். அதில் பக்கக் கம்பிகள் அடுக்குகளை இறுக்கிப் பிடிக்கின்றன. அடியிலுள்ள கிண்ணத்தை எடுக்க மேலுள்ளவற்றை எல்லாம் இறக்க வேண்டும். அடுக்குக் கருவிப்பெட்டியின் முதன்மையான குறையும் இதுவே.

இந்திய இரும்புக் கடைகளில் கிடைக்கும், இருபுறமும் படிபோல விரியும் தகரக் கருவிப்பெட்டி வேறு வகையைச் சேர்ந்தது. அதன் தட்டுகள் அனைத்தும் ஒரே இழுப்பில் திறக்கும். ஆனால் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து எடுத்துச் செல்ல இயலாது.

வரலாறு

செருமனியின் டானோஸ் நிறுவனம் 1993 ஆம் ஆண்டில் சிஸ்டெய்னர் என்னும் நெகிழிப் பெட்டியை அறிமுகப்படுத்தியது. ஃபெஸ்டூல் நிறுவனத்தின் மின்கருவிகள் இப்பெட்டிகளில் வைத்து விற்கப்பட்டன. முதல் தலைமுறைப் பெட்டியில் நான்கு கொக்கிகள் இருந்தன. 2010 இல் வந்த டி-லாக் தலைமுறையில் அவற்றுக்கு மாற்றாக, முன்புறத்தில் ஒரே ஒரு திருகு பூட்டு வைக்கப்பட்டது. அதை ஒரு நிலைக்குத் திருப்பினால் மூடி திறக்கும். மற்றொரு நிலையில் மூடி பூட்டிக்கொள்ளும். வேறொரு நிலையில் மேற்பெட்டியும் கீழ்ப்பெட்டியும் இணையும்.

மூன்றாம் தலைமுறைப் பெட்டியை, ஊர்தி உள்ளமைப்புகளைச் செய்யும் பாட் நிறுவனத்துடன் சேர்ந்து டானோஸ் உருவாக்கியது. இதனை ஃபெஸ்டூல் 2020 இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பணி ஊர்தியின் தட்டுகளில் இழுப்பறை போலச் செருகி எடுக்க உதவும் வரிப்பள்ளங்கள் இதில் உள்ளன.

இதற்கிடையே பிற நிறுவனங்களும் தத்தம் தொகுதிகளை வெளியிட்டன. சோர்ட்டிமோ நிறுவனத்தின் எல்-பாக்ஸ், 2017 இல் வெளிவந்த மில்வாக்கி நிறுவனத்தின் பேக்கவுட் ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

மறுவடிவமைப்பின் நிறைகள்

- ஒரே கையால் திறக்கவும் பூட்டவும் இயலுகிறது.
- சக்கரம் கொண்ட அடிப்பெட்டியின் மேல் மற்றவற்றை அடுக்கி, முழுச் சுமையையும் இழுத்துச் செல்லலாம்.
- சில தொகுதிகளில் மூடியின் விளிம்பில் இரப்பர்ப் பட்டை இருப்பதால் தூசியும் மழைநீரும் எளிதில் உட்புகுவதில்லை.
- வேலைக்கு வேண்டிய பெட்டியை மட்டும் பிரித்து எடுத்துச் செல்லலாம்.
- பின்னர் வந்த இழுப்பறைப் பெட்டிகள், மேலடுக்கை இறக்காமலே கீழுள்ள கருவியை எடுக்க உதவுகின்றன.

மறுவடிவமைப்பின் குறைகள்

பொருத்தம்: மூன்றாம் தலைமுறைச் சிஸ்டெய்னரின் அடிப்படை அளவு பழையதைப் போலவே 396 மி.மீ. நீளமும் 296 மி.மீ. அகலமும் ஆகும். எனவே முந்தைய பெட்டிகளோடு அதனை இணைக்கலாம். ஆனால் உயரங்கள் மாறிவிட்டன. டி-லாக் பெட்டிகளின் உயரங்கள் 105, 157.5, 210, 315, 420 மி.மீ. என இருந்தன, சிறிய பெட்டிகள் இரண்டின் உயரம் நடுத்தரப் பெட்டி ஒன்றுக்குச் சமம். புதியவை 112, 137, 187, 237, 337, 437 மி.மீ. உயரம் கொண்டவை. 105 மி.மீ. பெட்டிக்கென இறுக்கமாகச் செய்த மரத்தட்டில் 112 மி.மீ. பெட்டி நுழையாது.

நிறுவனக் கட்டு: ஒரு நிறுவனத்தின் பெட்டி பொதுவாக மற்றொன்றின் பெட்டியோடு இணைவதில்லை. மக்கிட்டா நிறுவனத்தின் மேக்பேக் பெட்டி சிஸ்டெய்னரோடு இணைவது ஒரு விலக்கு. முதலில் வாங்கும் பெட்டியே அடுத்தடுத்து வாங்க வேண்டியவற்றையும் தீர்மானித்துவிடுகிறது.

எடையும் இடமும்: தடித்த சுவர், பூட்டு, இழுப்பறை ஆகியவை வெற்றுப் பெட்டியின் எடையைக் கூட்டி, உள்ளிடத்தைக் குறைக்கின்றன.

ஈரம்: காற்றுப் புகாத பெட்டி, நனைந்த கருவியின் ஈரத்தையும் உள்ளேயே அடைத்து வைக்கும். துடைக்காமல் வைத்த கருவி துருப்பிடிக்கும்.

வறண்ட நிலப் பகுதிகளில் பயன்பாடு

இப்பெட்டிகள் மேலை நாடுகளின் கூண்டு ஊர்திகளையும் தளமிட்ட பணியிடங்களையும் கருத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்டவை. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தைப் போன்ற கரிசல் நிலப்பகுதியில் சூழல் வேறானது. தறி பழுதுநீக்குவோரும் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பணியாளரும் பெரும்பாலும் இருசக்கர வண்டியிலேயே செல்கின்றனர். சாக்குப்பையும் ரெக்சின் பையும் வண்டியில் எங்கும் தொங்கும். கருவிக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். பெட்டிக்கு இவ்வியல்பு இல்லை.

கருவியின் நீளமும் கருதத்தக்கது. 24 அங்குலப் பைப் ரிஞ்சு ஏறத்தாழ 610 மி.மீ. நீளமுடையது. மேற்சொன்ன சிஸ்டெய்னரில் அதனை மூலைவாட்டில் வைத்தாலும் அடங்காது, ஏனெனில் பெட்டியின் வெளிப்புற மூலைவிட்டமே ஏறத்தாழ 494 மி.மீ. தான். கொத்தனாரின் நீண்ட மட்டப்பலகைக்கும் இது பொருந்தும். மழைக்குப் பின் காலில் அப்பும் கரிசல் சேற்றில் சிறு சக்கரங்கள் உருளுவதில்லை.

கோடை வெயிலும் ஒரு சிக்கலாகும். வெயிலில் விடப்பட்ட மூடிய பெட்டியின் உட்புறம் வெளிக்காற்றைவிட அதிகமாகச் சூடேறும். லித்தியம்-அயனி மின்கலங்களை 50 பாகை செல்சியசை எட்டும் இடத்தில் வைக்கலாகாது என மின்கருவி உற்பத்தியாளர்கள் அறிவுறுத்துகின்றனர். எனவே மின்கலம் உள்ள பெட்டியை நிழலில் வைத்தல் வேண்டும்.

மறுபுறம், நுண்ணிய கரிசல் தூசியிலிருந்து அளவுமானி, மின்சோதனைக் கருவி, துளைப்பொறி போன்றவற்றைக் காப்பதில் இரப்பர்ப் பட்டையுள்ள பெட்டி பையைவிட மேலானது. ஆகவே நுண்கருவிகளுக்கு ஓரிரு பெட்டிகளும் நீண்ட கருவிகளுக்குப் பையுமாகப் பயன்படுத்துவது இத்தகைய சூழலுக்கு ஏற்றதாகும்.

தேர்வு செய்யும்போது கருதத்தக்கவை

- கைவசமுள்ள மிக நீண்ட கருவியின் அளவு
- ஏற்றிச் செல்லும் வண்டியின் வகை
- பழைய பெட்டிகளோடு புதியவை இணையுமா என்பது
- பூட்டு, கைப்பிடி ஆகிய உதிரிகள் தனியே கிடைக்குமா என்பது
- அடிக்கடி தேவைப்படும் கருவியை மேலடுக்கில் வைக்க இயலுமா என்பது

இவற்றையும் பார்க்கவும்

- அடுக்குத் தூக்கு
- அஞ்சறைப் பெட்டி
- கைக்கருவிகள்
- அருப்புக்கோட்டை