ஒளிப்பட அளவியல்

ஒளிப்பட அளவியல் (பெ.): ஒளிப்படங்களிலிருந்து ஒரு பொருளின் வடிவையும் இடத்தையும் அளந்தறியும் துறை, ஆங்கில வழக்கில் போட்டோகிராமெட்ரி.

வேர்கள் கிரேக்கம்: 'போட்டோஸ்' ஒளி, 'கிராமா' வரையப்பட்டது, 'மெட்ரான்' அளவு. பிரான்சின் லோசெடா இம்முறையை 'மெட்ரோபோட்டோகிராபி' என்றார். நிலைத்ததோ 1867இல் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் மைடன்பவரின் கட்டுரைத் தலைப்பில் வந்த பெயர். 1858இல் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளக்கையில் விழப்போய்த் தப்பியவர் அவர். சுவரில் தொற்றாமல், எடுத்த படத்திலேயே அளக்கலாமே என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

வான்படங்களில் நிலப்படம் வரைவோருக்கு இச்சொல் நெடுங்காலம் கண்ணாடி வில்லைகளும் நெம்புகோல்களும் கொண்ட கனத்த கருவியையே குறித்தது. பின்னர் ஸ்கேனர் வந்தது. 23 செ.மீ. சதுர வான்படத்தை 0.01 மி.மீ. புள்ளிகளாகப் பகுத்தால் பக்கத்துக்கு 23,000, மொத்தம் ஏறக்குறைய 53 கோடிப் புள்ளிகள். சாதாரண அலுவலக ஸ்கேனர் இதற்கு உதவாது. புள்ளி சற்றே இடம் பிசகினாலும் மலையின் உயரம் மாறிவிடும். கணினிப் பணிநிலையத்திலோ, ஒன்றன்மேல் ஒன்று படியும் இரு படங்களைத் தனிக் கண்ணாடி அணிந்து பார்த்தால் நிலம் மேடு பள்ளத்தோடு எழும்; அக்காட்சியில் மிதப்பதுபோல் தெரியும் அளவுக் குறியைத் தரையில் பதித்து உயரம் எடுப்பார்கள். இன்று இரு படங்களிலும் ஒத்த புள்ளிகளைக் கணினியே தேடிப் பொருத்துகிறது.

கருவி எத்தனை மாறினாலும் பெயரின் மூன்று உறுப்புகளும் பொருள் இழக்கவில்லை. 'அளவியல்' என்ற ஈற்றுச்சொல்லே இத்துறையின் உயிர்: அளக்க முடியாத படம், எவ்வளவு தெளிவானாலும், நிலப்படம் ஆகாது.