மூங்கில் வாள்

மூன்று நிமிடம். லேட்டானது அவ்வளவுதான்.

நம்மூரில் மூன்று நிமிடத்தை லேட் என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் துருக்கியில் நடந்த அந்தப் போட்டியில் நடுவர் கறுப்பு அட்டையை எடுத்துக் காட்டிவிட்டார். ஆட்டத்தை விட்டு வெளியே போ என்று அர்த்தம். எதிரே நின்றது 14 வயதுப் பெண். அதுதான் அவளுடைய முதல் சர்வதேசப் போட்டி. வாள் வீசாமலே திரும்பினாள்.

பெயர் பவானி தேவி. ஊர், சென்னை பழைய வண்ணாரப்பேட்டை. அப்பா கோயில் அர்ச்சகர்.

இந்தக் கதையை ஏன் இப்போது எடுக்கிறேன் என்றால், தளியில் ஒரு நண்பர் கேட்ட கேள்விதான் காரணம். ஓசூர் பக்கம் தொழிற்சாலை வேலை, தளியில் வீடு. குட்டி இங்கிலாந்து என்று பெயர் வாங்கிய ஊர். காலை பனி விலகுவதற்குள் கம்பெனி பஸ்கள் கிளம்பிவிடும். "பொண்ணு வாள்வீச்சு கத்துக்கணும்னு நிக்கிறா சார். நீங்க காமர்ஸ் படிச்சவர். சொல்லுங்க, இதெல்லாம் கட்டுப்படியாகுமா?"

கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் எங்கே திரும்பினாலும் நடுகல் இருக்கும். ஊரைக் காக்கச் செத்தவன், ஆநிரை மீட்கச் செத்தவன் எல்லாம் கல்லில் வாளோடு நிற்பார்கள். நண்பர் கூட்டிப்போய்க் காட்டிய கல்லிலும் அப்படித்தான். பக்கத்தில் ஒரு பெண், கையை உயர்த்தியபடி. கையில் வாள் இல்லை.

கல்லில் மட்டுமா? ஒலிம்பிக்கிலும் அதே கதைதான். விளையாட்டு வாள்வீச்சில் மூன்று வாள்கள். ஃபாயில், எப்பே, சேபர். முதல் இரண்டில் முனையால் குத்த வேண்டும். சேபர் குதிரைப்படை வாளின் வாரிசு. குத்தலாம், வெட்டலாம். இடுப்புக்கு மேலே பட்டால் புள்ளி. கண் இமைக்கும் நேரத்தில் ஒரு புள்ளி முடிந்துவிடும். கடத்தும் உலோக இழை நெய்த மேலங்கியில் வாள் பட்டதும் விளக்கு எரியும். யார் அடித்தார்கள் என்பதை மின்சாரம் சொல்லும். அடித்தது செல்லுமா என்பதை நடுவர் சொல்வார்.

ஆண்களுக்கு சேபர் 1896-ல், முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே வந்துவிட்டது. பெண்களுக்கு ஃபாயில் 1924-ல். எப்பே 1996-ல். சேபர்? 2004 ஏதென்ஸ் வரை காத்திருக்கச் சொன்னார்கள். 108 வருடம்!

அதே 2004-ல்தான் வண்ணாரப்பேட்டைச் சிறுமிக்குப் பள்ளியில் விளையாட்டு தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மற்றவற்றில் எல்லாம் இடம் முடிந்துவிட்டது. பாக்கி இருந்தது வாள்வீச்சு. வாளுக்குக் காசு? பயிற்சிக்கு மூங்கில் குச்சி. நிஜ வாள் போட்டிக்கு மட்டும்.

பத்தாம் வகுப்பு முடித்ததும் கேரளாவின் தலச்சேரி, இந்திய விளையாட்டு ஆணைய மையம். பயிற்சியாளர் சாகர் லாகு. 2014-ல் பிலிப்பைன்ஸில் 23 வயதுக்கு உட்பட்டோர் ஆசியப் போட்டியில் வெள்ளி. வெளிநாட்டுப் பயணம், உபகரணம் என்று ஒவ்வொரு முறையும் பணம் இடித்தது. அம்மா ரமணி நகையை அடகு வைத்தார். பிறகு அரசு உதவி, ராகுல் டிராவிட் வழிகாட்டிய அறக்கட்டளையின் ஆதரவு. இத்தாலியின் லிவோர்னோவில் நிக்கோலா சனோட்டியிடம் பயிற்சி. வாள்வீச்சு சாம்பியன்களை வரிசையாகப் பெற்ற ஊர் அது.

2016 ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி கிடைக்கவில்லை. ஆனால் 2017-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் தங்கம். 2018-ல் கான்பெராவில் காமன்வெல்த் வாள்வீச்சுத் தங்கம். 2019-ல் அப்பா காலமானார். பயிற்சி நிற்கவில்லை. 2021 மார்ச்சில் டோக்கியோவுக்குத் தகுதி. இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் போன முதல் வாள்வீச்சு வீரர், ஆணையும் பெண்ணையும் சேர்த்து.

2021 ஜூலை 26. முதல் ஆட்டத்தில் துனிசியாவின் நாதியா பென் அசிசியை 15-3 என்று முடித்தார். அடுத்து எதிரே பிரான்ஸின் மனோன் புரூனே. உலகத் தரவரிசையில் மூன்றாவது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உலகில் எந்த மூலையில் வாள்வீச்சு நடந்தாலும் நடுவர் பிரெஞ்சில்தான் ஆணையிடுவார். "ஆன் கார்ட்", "அலே!" பிரான்ஸுக்கு ஒலிம்பிக்கில் அதிகப் பதக்கம் தந்த விளையாட்டும் இதுதான். லியோன் நகரில் பிறந்த மனோனுக்கு அது தாய்மொழி ஆட்டம். அவருக்கும் சுலபமாக எதுவும் கிடைக்கவில்லை. ரியோவில் 20 வயதில் நான்காவது இடம். பதக்க மேடைக்கு ஒரு படி கீழே.

பாதி ஆட்டத்தில் 8-2. முடிவில் 15-7. பவானி தோற்றார். நாட்டிடம் மன்னிப்புக் கேட்டு ட்வீட் போட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள், இடைவேளைக்குப் பிறகு மனோன் 7, பவானி 5. மூங்கில் குச்சியில் ஆரம்பித்தவர், உலகின் மூன்றாவது வாளுக்குப் பாதி ஆட்டத்தில் ஈடு கொடுத்திருக்கிறார். இதில் மன்னிப்புக்கு என்ன இருக்கிறது?

மனோன் அன்று வெண்கலம் வென்றார். 2024 ஜூலை 29, சொந்த நாட்டில், பாரிஸ் கிராண்ட் பலேயில் சக பிரெஞ்சு வீராங்கனை சாரா பால்சரை 15-12 என்று வென்று தங்கம். நான்கு, மூன்று, ஒன்று. அதற்கு எட்டு வருடம்.

பவானி பாரிஸுக்குத் தகுதி பெறவில்லை. ஆனால் 2023 ஜூன், சீனாவின் வூசி நகரில் ஆசிய சாம்பியன்ஷிப். காலிறுதியில் நடப்பு உலக சாம்பியன், ஜப்பானின் மிசாகி எமுராவை 15-10 என்று சாய்த்தார். அரையிறுதியில் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி, 14-15. வெண்கலம். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம்.

சரி, நண்பரின் கேள்வி. கட்டுப்படியாகுமா?

டோக்கியோவில் பவானி பயன்படுத்திய வாளைப் பிரதமருக்குப் பரிசளித்தார். 2021-ல் அது மின் ஏலத்துக்கு வந்தது. ஏலம் போன தொகை 1.25 கோடி ரூபாய். பணம் கங்கையைச் சுத்தப்படுத்தும் திட்டத்துக்குப் போனது. அந்தத் தொகையில் நூறில் ஒரு பங்கு சரியான நேரத்தில் கிடைத்திருந்தால், ஒரு தாயின் நகை பெட்டியிலேயே இருந்திருக்கும். ஜெயித்த பிறகு கோடி கொடுக்க ஆள் உண்டு. மூங்கில் குச்சிக் காலத்தில் ஆயிரம் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

நண்பரிடம் உண்மையைச் சொன்னேன். "லாபம் வராதுங்க. பல வருஷம் செலவு மட்டும்தான். ஆனாலும் சேர்த்து விடுங்க."

அவர் யோசித்தார். மகள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாசலில் ஒரு குச்சியோடு ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டிருந்தாள்.